சனிக்கிழமை வாளி

எங்கள் வீட்டுக் குப்பைக்கு இருந்த சுதந்திரம் எனக்கு இல்லை. நுவரெலியா டவுனில் நான் மருமகளாகப் போய் இருந்த ஆரம்ப வருடங்களை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. வெங்காயத் தோல், போஞ்சி நார், பிழிந்த தேங்காய்ப்பூ, தேயிலைச் சக்கை எல்லாம் புதனும் சனியும் வாளியில் ஏறி ஊர் பார்க்கப் போகும். அவற்றைத் தூக்கிக்கொண்டு போகிறவள் என்பதால் நானும் போவேன். வேறு எதற்காகவும் அந்த வீட்டுப் படியிறங்க எனக்கு அனுமதி கிடையாது.

நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய கூலிக் குடியிருப்பில், பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்து பறிப்பவள். அப்பா நான் சிறு பிள்ளையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். ஓ.எல். பரீட்சை முடித்த பிறகு டவுனில் ஒரு கொமினிகேஷனில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது கையில் போன் வைத்திருந்தவர்கள் குறைவு. எல்லாரும் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று கத்திப் பேசிவிட்டுக் காசு கொடுத்துப் போவார்கள். பக்கத்துச் சில்லறைக் கடை முதலாளியின் மகன் கொழும்புக்குச் சரக்கு சொல்ல ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை வந்தார். அந்தச் சின்னக் கடைக்கு அவ்வளவு சரக்குத் தேவையில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. பதிவுத் திருமணம் செய்துகொண்டோம்.

மாமனாரின் முன்னோரும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் கடை போட வந்தவர்கள், நாங்கள் மலையில் வேலை செய்ய வந்தவர்கள். அந்த வித்தியாசத்தை அவர் மறக்கவும் இல்லை, எங்களை மறக்க விடவும் இல்லை. பேசிப் பார்க்கப் போன என் தாய்மாமனைக் கடை வாசலிலேயே நிற்க வைத்துப் பதில் சொன்னார்.

"பொண்ணு வந்துருச்சு, சரி, இருக்கட்டும். ஆனா லயத்துல இருந்து வேற யாரும் இந்தப் படி ஏறக் கூடாது."

என் கணவர் அதற்குத் தலையாட்டினார். அதனால் மாமனாரோ மாமியாரோ என் அம்மாவின் முகத்தைப் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று கேட்டதும் இல்லை.

என்னை அடைத்து வைத்ததாக அவர்களில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கதவுக்குப் பூட்டுப் போட்டதில்லை. அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. எனக்கு அடையாள அட்டை வந்திருக்கவில்லை, அவ்வளவுதான். தோட்டத்தில் பலருக்கும் அந்தக் கதிதான். "ஐசி இல்லாம ரோட்டுல நின்னா ஆமிக்காரன் புடிச்சிட்டுப் போயிருவான். அப்புறம் நான் எங்க போய்த் தேடுறது?" என்பார் மாமனார். யுத்த காலத்தில் அதை வெறும் சாக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. அட்டைக்கு மறுபடி எழுதிப் போடலாம் என்று கணவரிடம் சொல்வேன். "பார்ப்போம்" என்பார். அவருக்குத் தெரிந்த மிகப் பெரிய வார்த்தை அதுதான். கோபமே வராத மனிதர். கோபம் வராத ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? வாரத்தில் பாதி நாள் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போய்விடுவார், மீதி நாள் கடையில் இருப்பார்.

வீடு கடைக்குப் பின்னால் இருந்தது. முன்பக்கம் வெளியே வர வேண்டுமென்றால் மாமனாரின் கல்லாவைத் தாண்டித்தான் வர வேண்டும். பின்பக்கம் அடுப்படிக் கதவைத் திறந்தால் ஒரு சின்ன முற்றம், அதிலிருந்து படிகள் இறங்கிச் சந்தைக்குப் பின்னால் போகும் சந்தில் முடியும். நான் அடுப்படி ஜன்னலில் நின்று கீழே தெரிந்த தகரக் கூரைகளையும் பனியையும் பார்த்துக்கொண்டிருப்பேன். மாமியார் எனக்குப் பின்னால் ஒரு பலகையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவார். போன புதிதில் ஒருநாள் நான் பழக்க தோஷத்தில் உள்ளங்கையில் சீனியைக் கொட்டிக்கொண்டு, அதை நக்கி நக்கிப் பால் விடாத சாயத்தண்ணி குடித்தேன். லயத்தில் எல்லாரும் அப்படித்தான் குடிப்போம். சீனி சிக்கனமாகப் போகும். மாமியார் என் கையைப் பார்த்தார்.

"இங்க அப்பிடிக் குடிக்காத புள்ள. கோப்பையில போட்டுக் கலக்கு. யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் கையில் சீனி வைத்துக் குடித்ததில்லை. மாமியார் என் கண்ணுக்கு ஒரு காவல்காரிதான். விசேஷ நாளில் மாமனாருக்குப் பின்னால் கோவிலுக்குப் போவதைத் தவிர அவரும் அந்தப் படியை விட்டு இறங்கியதில்லை என்பதை நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.

நகரசபை குப்பைத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது டவுனே சிரித்தது. இனி அடுப்படிக் கழிவைக் குப்பை ட்ராக்டர் ஏற்றாது. வீட்டுக்காரர்களே பிரித்தெடுத்து, சந்தைக்குக் கீழே கட்டியிருக்கும் கொட்டகையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அங்கே அதை மக்க வைத்துக் கூட்டெரு ஆக்குவார்கள். ஒழுங்காகக் கொண்டு வருகிறவர்களுக்கு அவ்வப்போது ஒரு பை எரு இலவசமாகக் கிடைக்கும். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று சிங்களத்திலும் தமிழிலும் இதைச் சொல்லிக்கொண்டே தெருத்தெருவாகப் போனது.

யார் தூக்கிக்கொண்டு போவது என்பதுதான் எங்கள் வீட்டில் பிரச்சினை. முதலாளி வாளி தூக்கினால் கடையின் மானம் போகும். கடையில் வேலை செய்கிறவர்கள் சீனியும் மாவும் நிறுக்கிற கையால் குப்பையைத் தொடக் கூடாது. மாமியாருக்கு முழங்கால் வலி. மாமனார் என்னைப் பார்த்தார்.

"நீ போயிட்டு வந்துரு. உங்க பக்கத்துல சாணி எரு எல்லாம் அள்ளிப் பழக்கந்தானே. சந்து வழியாப் போனா செக்பொயின்டும் இல்ல."

மட்டம் தட்டத்தான் சொன்னார். நானும் அதற்கேற்றபடி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடையில் கிடந்த பழைய பெயின்ட் வாளி ஒன்றைக் கொடுத்தார்கள். கம்பிப் பிடி கையை அறுத்தது. லயத்திலிருந்து வரும்போது என் துணிகளை அம்மாவின் பழைய சேலை ஒன்றில்தான் மூட்டை கட்டி எடுத்து வந்திருந்தேன், சிவப்பில் மஞ்சள் கட்டம் போட்டது. அதில் ஒரு துண்டைக் கிழித்துப் பிடியில் சுற்றினேன்.

கொட்டகைக்குப் பொறுப்பாக ஒரு சிங்கள அக்கா இருந்தார். முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து, தலையில் கம்பளித் தொப்பி. ஒவ்வொரு வாளியையும் கவிழ்த்து ஒரு கம்பால் கிளறுவார். உள்ளே பிளாஸ்டிக் சொப்பிங் பேக் இருந்தால் அந்த ஆளைக் கூப்பிட்டு அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பார். மீன், எலும்பு, எண்ணெய் கூடாது. பின்னால் குவியல் குவியலாகக் கழிவும் காய்ந்த புல்லும் அடுக்கியிருக்கும். கிளறும்போது அதிலிருந்து ஆவி பறக்கும். நுவரெலியாக் குளிரில் சும்மா கிடைக்கிற சூடு அது ஒன்றுதான். பெண்கள் வாளியைக் கொடுத்துவிட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் கையை நீட்டிக் குளிர்காய்ந்தபடி பேசிக்கொண்டு நிற்பார்கள். வாடை ஒன்றும் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. எனக்கு அந்த இடம் கோவிலைவிடப் பிடித்தது.

அம்மா அந்த வருடந்தான் தோட்டத்து வேலையிலிருந்து நின்றிருந்தாள். லயத்துக்குப் பின்னால் லீக்ஸ், கோவா என்று மரக்கறி போட்டு, சனிக்கிழமைகளில் பஸ்ஸில் ஏற்றிவந்து சந்தையில் விற்றாள். என் வீடு எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தாய்மாமனுக்குக் கிடைத்த பதில் அவள் காதுக்கும் போயிருந்ததால் அந்தத் தெருவில் கால் வைக்க மாட்டாள். ஒரு சனிக்கிழமை சந்தையின் பின்வாசலில் லீக்ஸ் கட்டை இறக்கிக்கொண்டிருந்தவள், சந்தில் வாளியோடு போன என்னைப் பார்த்துவிட்டாள். கூப்பிடவில்லை. கொட்டகை வரைக்கும் பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்றாள்.

"வாளிய இப்பிடியா ஒரு பக்கமாச் சாஞ்சு தூக்குறது? இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

கல்யாணமான பிறகு அம்மா என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. நான் திரும்பிப் பார்த்து அழுதுவிட்டேன். வெங்காயத் தோல் கண்ணில் பட்டுவிட்டது என்று சிங்கள அக்காவிடம் கையால் காட்டினேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஹரி ஹரி, நங்கி", சரி சரி தங்கச்சி, என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அம்மாவும் ஒரு வாளியோடு வந்து வரிசையில் நின்றாள். அக்கரப்பத்தனையிலிருந்து பஸ்ஸில் குப்பை கொண்டு வந்திருந்தாள். லயத்து அடுப்படியில் குப்பை ஏது? இருக்கிற தோலும் தண்டும் கோழிக்கும் பாத்திக்கும் போய்விடும். அம்மா வீடு வீடாகக் கேட்டு வாங்கிச் சேர்த்திருந்தாள். லயமே அவளைப் பார்த்துச் சிரித்ததாம். ஊரெல்லாம் டவுனிலிருந்து எரு வாங்கிக்கொண்டு வரும்போது இவள் எருப் போடுகிறதைக் கொண்டுபோய் டவுனில் கொட்டுகிறாளே, புத்தி பிசகிவிட்டதா என்று கேட்டார்களாம். பஸ் கொண்டக்டர் மூக்கைப் பிடித்தபோது மேலே லீக்ஸ் தாளைப் பரப்பி மறைத்தாளாம்.

"எதுக்கும்மா இந்தப் பாடு? சும்மா வந்து நிக்கலாந்தானே" என்றேன்.

"வாளி இல்லாம நின்னா, நீ யாரு, இங்க என்ன வேலன்னு கேப்பாங்க. வாளி இருந்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

அவள் சொன்னது சரிதான். வாளி இருந்ததால் என்னையும் ஒருவரும் கேட்கவில்லை. அதன் பிறகு சனிக்கிழமைகள் எனக்கென்று வந்தன. சிறு துண்டாக நறுக்கினால் சீக்கிரம் மக்கும் என்று சிங்கள அக்கா ஒருநாள் சொன்னார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நறுக்க நேரம் ஆகும் அல்லவா? கொட்டகை மூலையில் அம்மாவும் நானும் சாக்கு விரித்து உட்கார்ந்து முட்டை ஓடு தனி, தேயிலைச் சக்கை தனி, தோல் தனி என்று பிரிப்போம். கோவாத் தண்டைக் கறிக்கு அரிகிற மாதிரி அரிவோம். எங்கள் வாளி முடிந்ததும் அடுத்தவர் வாளியை இழுத்து வைத்துக்கொள்வோம். கை அதுபாட்டுக்கு அரிந்துகொண்டிருக்கும், வாய் அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். வீட்டில் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால் வரிசை நீளம் என்று சொல்வேன்.

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. நகரசபையில் ஒருநாள் கூட்டம் வைத்து, மிகச் சுத்தமாகக் கழிவு கொண்டு வரும் வீடு என்று எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். மாமனாரை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டு ஒரு பரிசு கொடுத்தார்கள். பரிசு என்னவென்றால், வீட்டிலேயே கொம்போஸ்ட் செய்வதற்கான கறுப்புப் பிளாஸ்டிக் பீப்பாய், மூடியோடு. அதை ஆட்டோவில் ஏற்றி, கடைத்தெரு முழுக்கப் பார்க்கும்படி மெதுவாகக் கொண்டுவந்தார் மாமனார். முற்றத்தின் மூலையில் வைத்துத் துடைத்தார்.

"இனி புள்ள வாளியத் தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம். எல்லாம் இதுலயே போட்ரலாம்" என்றார். அன்றைக்கு உண்மையான பிரியத்தோடு சொன்னார், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அடுத்த சனிக்கிழமை அடுப்படி ஜன்னலில் நின்று கொட்டகையின் தகரக் கூரையைப் பார்த்தேன். கூரையின் ஓரத்தில் ஆவி போவது தெரிந்தது. கீழே நிற்கிறவர்கள் தெரியவில்லை. அம்மா வாளியோடு அங்கே நிற்கிறாள் என்பது மட்டும் தெரியும். நான் வராததற்கு என்ன காரணம் என்று அவளுக்குச் சொல்ல வழியில்லை. லயத்தில் போன் கிடையாது. கடிதம் போடுவதென்றால் கல்லாவைத் தாண்டித்தான் தபாலுக்குப் போக வேண்டும். அப்படியே அடுத்த சனியும் போனது, அதற்கடுத்ததும் போனது.

அந்த வாரங்களில்தான் எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று தெரிந்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மாமியார் ஒரு முட்டையை அவித்து என் கையில் வைத்தார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவதுதானே வழக்கம் என்று நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"என் பேரப்பிள்ள லயத்துலயா பொறக்கணும்?" என்றார் மாமனார். பேச்சு அத்தோடு முடிந்தது.

கணவரிடம் கெஞ்சினேன். என்னை அனுப்ப வேண்டாம், ஒரே ஒரு தடவை நீங்கள் போய் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். அப்பாவுக்குத் தெரிந்தால் சங்கடம் என்றார். பிறகு, பார்ப்போம் என்றார். எனக்கு அந்த வீட்டுச் சுவர்கள் எல்லாம் ஒரு அடி உள்ளே நகர்ந்து வந்துவிட்ட மாதிரி இருந்தது. வயிற்றில் ஒரு பிள்ளை இருக்கிறது, அதை என்னைப் பெற்ற தாயிடம் சொல்ல முடியவில்லை. இதைவிட ஒரு பெண்ணுக்கு வேறு என்ன சிறை வேண்டும்?

கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும். பீப்பாய்க்குள் காய்ந்த இலை போட வேண்டும், கிளற வேண்டும், காற்றுப் போக வேண்டும் என்பதெல்லாம் கொட்டகையில் நான் படித்த பாடம். ஒன்று விடாமல் தலைகீழாகச் செய்தேன். சோறு வடித்த கஞ்சியை ஊற்றினேன். மீன் தலையையும் குடலையும் போட்டேன். இலை ஒன்றும் போடாமல் மூடியை இறுக்கினேன். அந்த ஊர்க் குளிரில் அது மக்குமா? அழுகி நாறியது. மசக்கையில் முதலில் வாந்தி எடுத்தவள் நான்தான். பிறகு பின்பக்கத்து வீட்டுக்காரர் வந்து கத்தினார். கடைக்கு வந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். கருவாட்டுப் பெட்டியும் நெத்தலி மூட்டையும்தான் கெட்டுவிட்டன என்று மாமனார் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார்.

கடைசியில் மாமியார் முற்றத்துக்குப் போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"பரிசு வாங்கின பீப்பாய இப்பிடி நாற வச்சிருக்க. பழையபடி கொட்டகையிலயே கொண்டு போய்க் குடுத்துருவோம்" என்றார்.

என் காரியம் பலித்தது என்று நான் வாளியை எடுக்கக் குனிந்தேன். மாமியார் எனக்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டார்.

"வாயும் வயிறுமா இருக்கிற புள்ள கனம் தூக்கக் கூடாது. நான் போறேன்."

"உங்களுக்கு முழங்கால் வலி அத்தை."

"அது இருக்கத்தான் செய்யும்."

கோவிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, ஸ்வெட்டர் போட்டு, முகத்துக்குப் பவுடர் போட்டு, குடையோடு குப்பை கொண்டு போனார் மாமியார். நான் ஜன்னலில் நின்றேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பீப்பாயைத் தூக்கிச் சந்தில் உருட்டிவிட்டிருப்பேன்.

போனவர் வெகுநேரம் கழித்து வந்தார். கன்னம் சிவந்திருந்தது. வாளியை வைத்ததும் வைக்காததுமாகப் பேச ஆரம்பித்தார். அங்கே எப்படிச் சூடு பறக்கிறது தெரியுமா, அந்தச் சிங்களப் பிள்ளை எவ்வளவு மரியாதை தெரியுமா என்று எனக்கே கதை சொன்னார். பிறகு, "அங்க ஒரு தோட்டத்து அம்மா வராங்க" என்றார். "அக்கரப்பத்தனையில இருந்து பஸ்ல குப்பை கொண்டு வராங்க, பாவம். நான் வாளிய வச்சதும் கிட்ட வந்து அந்தப் பிடியையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் என்கிட்ட நல்லாப் பேசினாங்க."

நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். ஊதுவதை நிறுத்தவில்லை. அந்தச் சேலைத் துண்டு யாருடையது என்று அம்மாவுக்குத் தெரியாமல் போகுமா?

அதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலமெல்லாம் மாமியார் வாயிலிருந்து நான் என் அம்மாவைக் கேட்டேன். அந்தம்மாவுக்கு இருமல். அந்தம்மா வீட்டுக் கோழி முட்டையிடுகிறது. அந்தம்மா லயத்துக் கூரை ஒழுகுகிறது. "என் மருமக உண்டாகியிருக்கான்னு சொன்னேன். அவங்களுக்குச் சொந்தப் பொண்ணு மாதிரி சந்தோஷம். கண்ணெல்லாம் கலங்கிருச்சு" என்றார் ஒருநாள். நான் வாளியைக் கழுவப் போகிற சாக்கில் முற்றத்துக்குப் போய்விட்டேன். அடுத்த சனிக்கிழமை வாளிக்குள் ஒரு சின்னப் போத்தல் வந்தது. தேசிக்காய் ஊறுகாய். எங்கள் லயத்து அடுப்படிப் புகை அதில் வாசமடித்தது. "மசக்கைக்கு நல்லதுன்னு உனக்குக் குடுத்து விட்டாங்க" என்றார் மாமியார். சோறு வைக்காமல் வெறும் ஊறுகாயையே விரலால் தொட்டுத் தொட்டுத் தின்றேன். போத்தலைக் கழுவித் திருப்பிக் கொடுக்கச் சொன்னபோது உள்ளே ஒன்றும் வைத்து அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்னொரு நாள் மாமியார் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அந்தம்மாவுக்கு ஒரே பொண்ணாம். டவுன்லதான் கட்டியிருக்காம். பாக்கவே விடுறதில்லையாம். எந்தச் சண்டாளக் குடும்பமோ, இப்பிடியும் இருப்பாங்களா?"

நான் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். "இருக்காங்க அத்தை" என்றேன். ரொட்டி கிழிந்துபோனது. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்தச் சனிக்கிழமையும் போய்விடும், ஊறுகாயும் போய்விடும், அம்மாவின் இருமல் விட்டதா என்பதும் தெரியாமல் போகும். வாயை மூடிக்கொண்டு அடுத்த ரொட்டியைத் தட்டினேன்.

மழை காலம் வந்தது. ஒரு சனிக்கிழமை காலையிலேயே இருட்டிக்கொண்டு கொட்டியது. ஜன்னலிலிருந்து கொட்டகைகூடத் தெரியவில்லை. மாமியார் போய் வெகுநேரம் ஆகியும் வரவில்லை. நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபோது, சந்திலிருந்து ஒரே குடையில் இரண்டு பேர் படியேறி வந்தார்கள். மாமியார் முன்னால். பின்னால் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு அம்மா. அம்மா கடைசிப் படியில் நின்றுவிட்டாள்.

"வாங்க, உள்ள வாங்க" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தார் மாமியார். என்னிடம் திரும்பி, "ரோட்டுல மண் சரிஞ்சு பஸ் ஓடலையாம். நனைஞ்சுக்கிட்டு நின்னாங்க, நான்தான் கூட்டிட்டு வந்தேன். மாமா கடையிலதான இருக்காரு, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்" என்றார்.

அம்மா உள்ளே வந்து மாமியாரின் பலகையில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வயிற்றைத்தான் பார்த்தாள். அப்போது எனக்கு வயிறு நன்றாகவே தெரிய ஆரம்பித்திருந்தது. பார்த்துவிட்டு ஈரச் சாக்கை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமியார், அந்தம்மா தந்த ஊறுகாய் உனக்கு எவ்வளவு பிடித்தது என்று சொல்லேன் என்றார். "பிடிச்சது" என்றேன்.

விருந்தாளிக்குப் பால் தேத்தண்ணி போடுவதுதான் அந்த வீட்டு வழக்கம். நான் என்ன போடுகிறேன் என்று எனக்கே தெரியாமல் சாயத்தண்ணி போட்டேன், இஞ்சி தட்டி. கோப்பையை அம்மாவின் வலது கையில் கொடுத்தேன். அவள் பழக்க தோஷத்தில் இடது கையை என் பக்கம் நீட்டினாள். நான் சீனிப் போத்தலைத் திறந்து ஒரு கரண்டிச் சீனியை அவள் உள்ளங்கையில் கொட்டி, சிந்தாமல் இருக்க அவள் விரல்களை மடித்துவிட்டேன். மலையிலிருந்து வந்து அம்மா கை விறைத்துப் போயிருக்கும்போது சின்ன வயதிலிருந்து நான் செய்த வேலை அது.

மடித்த பிறகுதான் நிமிர்ந்தேன். மாமியார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. கதவோரம் வைத்திருந்த வாளியின் பிடியைப் பார்த்தார். கூரையில் மழைதான் அடித்துக்கொண்டிருந்தது.

"நீங்க சொன்ன அந்தச் சண்டாளக் குடும்பம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார் மாமியார்.

"நான் அப்பிடிச் சொல்லலைங்க" என்றாள் அம்மா மெதுவாக. "அது நீங்க சொன்னது."

அந்த நேரம் பார்த்துக் கடைப் பக்கத்துக் கதவு திறந்தது. மாமனார் தேத்தண்ணி கேட்டு உள்ளே வந்தவர், பலகையில் உட்கார்ந்திருந்த அம்மாவையும் அவள் காலடியில் கிடந்த சாக்கையும் பார்த்து நின்றார்.

"யாரு இது?"

அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். மாமியார் அவள் தோளில் கை வைத்து அமர்த்தினார். அந்த வீட்டில் அவர் மாமனாருக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

"சம்மந்தி" என்றார்.

"எந்தச் சம்மந்தி?"

"நமக்கு இருக்கிறது ஒரே மகன்தானே" என்றார் மாமியார். "நீங்க போய்க் கடையப் பாருங்க. தேத்தண்ணி புள்ள கொண்டு வருவா."

மாமனார் அப்படியே நின்றார். அம்மா மூடிய கையை விரித்து, உள்ளங்கைச் சீனியை ஒரு தடவை நக்கிவிட்டு, ஒரு மிடறு குடித்தாள்.